ஏலக்காரம்மாவின் விலா எலும்புகள்

"குறிப்பிட்ட நபர் தற்போது உயிருடன் உள்ளாரா?"

வருடத்திற்கு ஒருமுறை இந்தக் கேள்வியைத் தொலைபேசியில் அந்தக் குறிப்பிட்ட நபரிடமே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது, போனை எடுப்பவர் யாராக இருந்தாலும் அப்படியே வாசிக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வின் விதி. விதியை எழுதிய மகராசன், விழுந்து எழுந்தவரே போனை எடுப்பார் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். முதல் வருடம் தொண்டையைச் செருமிக்கொண்டு நான் வாசித்து முடித்தேன். "ஒரு நிமிசம் இரு நர்சும்மா, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார் ஏலக்காரம்மா. போனைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே எங்கேயோ போனார். கோழி விரட்டும் சத்தமும் குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தமும் எனக்குக் கேட்டன. திரும்பி வந்து, "பாத்துட்டேன். கீறேன். எழுதிக்கோ" என்றார். அடுத்த வருடம் கேட்டபோது, "இல்லியே, உன்னாண்ட பேசறது ஆவி. வெத்தல பாக்கு வெச்சுட்டு அப்பறமா பேசு" என்றார். விதிப்படி நான் 'ஆம்' என்று குறித்துக்கொண்டேன்.

நான் மீஞ்சூர்க்காரி. நர்ஸ் படிப்பை முடித்த கையோடு, பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீட்டிலோ கரையிலோ படகிலோ திடீரென்று இதயம் நின்று விழுகிறவர்களில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். ஒரு பக்கம் விழுந்தவர்கள், இன்னொரு பக்கம் எழுந்தவர்கள், வகுத்தால் விடை வந்துவிடாதா என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் டாக்டர் முதல் நாளே சிரித்தார். "எழுந்தவங்களை எண்ணுறது சுலபம்மா. விழுந்தவங்க யாருன்னு முதல்ல கண்டுபிடி, பாப்போம்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. குப்பத்துக்குள் போய், "இங்க யாராவது நெஞ்சு நின்னுபோய்ப் பொழச்சவங்க இருக்காங்களா?" என்று கேட்டால் வீட்டுக்கு ஒருவர் கை தூக்கினார். வெயிலில் மயங்கியவர், போதையில் சாய்ந்தவர், சாமி வந்து விழுந்தவர், மாமியார் போட்ட சத்தத்தில் விழுந்தவர் என்று எல்லாருமே செத்துப் பிழைத்தவர்கள்தான். அவர்களையெல்லாம் கணக்கில் சேர்த்தால் எங்கள் ஏரிக்கரையில் சாவே கிடையாது என்று அறிக்கை எழுதிவிடலாம். மூச்சும் நாடியும் நிஜமாகவே நின்றவர்களைத் தேடிப் போனால், அந்த வீடுகளில் மாலை போட்ட படம்தான் இருந்தது. படத்துக்குக் கீழே பாய் விரித்து, டீ கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். "யாராவது நெஞ்சை அமுக்கிப் பாத்தீங்களா?" என்பது அடுத்த கேள்வி. அமுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை நான் கேட்கும்போதே அவர்கள் முகம் மாறும். கேட்காமலும் இருக்க முடியாது. அந்த வீடுகளிலிருந்து வெளியே வந்து, ஸ்கூட்டியில் சாவியைப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. எழுந்தவர்கள் பக்கம் காலியாகவே கிடந்தது, அது என்னைப் போட்டு அரித்தது.

இன்னொரு தலைவலி நேரம். விழுந்ததற்கும் உதவி வந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிற்று என்று நாங்கள் நிமிடத்தில் எழுத வேண்டும். கரையில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? "ஒரு வெத்தல மெல்லுற நேரம்" என்பார் ஒருவர். "ரெண்டு கூட ஏலம் போற நேரம்" என்பார் இன்னொருவர். வெற்றிலையை நான் நம்பவில்லை, ஆளுக்கு ஆள் மெல்லும் வேகம் மாறும். ஏலக் கூடை பரவாயில்லை என்று தோன்றியது. ஒரு கூடை ஏலம் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கத்தான் ஒரு விடியற்காலையில் பழவேற்காட்டுக் கரைக்குப் போனேன். அங்கேதான் ஏலக்காரம்மாவை முதன்முதலில் பார்த்தேன், அதாவது முதலில் கேட்டேன், பிறகுதான் பார்த்தேன்.

குள்ளமான உருவம், இடுப்பில் இழுத்துச் செருகிய சேலை, வாய் நிறைய வெற்றிலை. அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏரியின் அக்கரையில் வலை உதறுகிறவன் இக்கரை இறால் விலையைத் தெரிந்துகொள்வான் என்பார்கள். கூடைகளை எண்ணும்போது அவர் 'ஒண்ணு' என்று தொடங்கவே மாட்டார். "லாபம்... ரெண்டு... மூணு..." என்றுதான் எண்ணுவார். நெல் அளக்கும்போது என் அப்பாவும் அப்படித்தான் தொடங்குவார் என்பதால் எனக்கு அது புதிதில்லை. முதல் எண்ணிக்கையை வெறும் ஒன்றாக விடக்கூடாது, லாபமாகவே தொடங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றைய முதல் கூடையை ஏலக்காரம்மா வாயால் கூவினால் அன்று கரை முழுக்க நல்ல விலை போகும் என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார். அந்த முதல் கூடைதான் அவருடைய கௌரவம், பதவி, சொத்து எல்லாமே.

கரையில் அவருக்கு ஒரே ஒரு விரோதி உண்டு. அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு சம்பந்தியம்மா. சம்பந்தியம்மா கடலோரக் குப்பத்துக்காரர், கருவாடு போடுகிறவர். உப்பு மூட்டையைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார், பேச்சு மட்டும் அளந்துதான் வரும். கல்யாணப் பந்தியில் மடவை மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏரி மீன்ல ஒரு சேத்து வாடை கீது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொல்லியிருக்கிறார். அது எப்படியோ ஏலக்காரம்மாவின் காதுக்குப் போய்விட்டது. அன்றோடு பேச்சு நின்றது. தினமும் ஒரே கரையில் நாலு முழம் தள்ளி நிற்பார்கள். சம்பந்தியம்மா கூடை கேட்க வேண்டுமென்றால் விரலைக் காட்டுவார், ஏலக்காரம்மா வானத்தைப் பார்த்து விலை சொல்வார். நடுவில் மகள்தான் பாவம், பிறந்த வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு பேச்சு, திரும்பிப் போனால் அங்கே ஒரு முகம்.

ஆய்வோடு கூட, நெஞ்சை அமுக்கும் பயிற்சியும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஏலம் முடிந்தபிறகு கரையிலேயே தார்ப்பாய் விரித்து ஒரு பொம்மையைப் படுக்க வைப்பேன். தலையும் மார்பும் மட்டும் உள்ள பொம்மை. "இன்னாமே, கால் இல்லாத மாப்பிள்ளைய இட்டாந்துகீறே?" என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏலக்காரம்மா தூர நின்று, "செத்தவன எழுப்பறாளாம், இத்த முன்னாடியே கத்துக்கினுருந்தா எங்க மாமியாரும் இன்னிக்கு இருந்திருக்கும், நல்ல வேளை" என்றார். சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது சம்பந்தியம்மா ஒருவர்தான். அவர் முட்டி போட்டு அமுக்கியதில் பொம்மைக்குள் ஏதோ படக்கென்று உடைந்தது. பயந்து கையை எடுத்தவரிடம் நான் பெரிய மனுஷி மாதிரி ஒரு வசனம் சொன்னேன். "எலும்பு முறிஞ்சா ஒட்டிக்கும்மா. உசுரு போனா ஒட்டாது. நிறுத்தாம அமுக்குங்க." அந்த வசனம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

அது நடந்த அன்று நான் கரையில் இல்லை. பிறகு பத்துப் பேரிடம் விசாரித்து எழுதியதுதான். முதல் கூடை போய், அடுத்த கூடை நண்டு. விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏலக்காரம்மா கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அப்படியே மல்லாந்து மணலில் விழுந்தார். குரல் நின்றதால் கரையே திரும்பிப் பார்த்ததாம். நம் ஆட்களுக்குத் தெரிந்த சாவு தண்ணீரில் நடப்பது. ஆகவே ஒருவர், "குப்புறப் போடுங்க, தண்ணி வெளிய வரட்டும்" என்று கத்தினார். இன்னொருவர் வயிற்றுக்குக் கீழே உருட்டுவதற்கு ஐஸ் பெட்டியையே தள்ளிக்கொண்டு வந்தார். காய்ந்த மணலில் நின்று நண்டு ஏலம் விட்ட மனுஷிக்கு வயிற்றில் எங்கிருந்து தண்ணீர்? அவர்களையும் குறை சொல்ல முடியாது, பதறினால் கை தெரிந்ததைத்தான் செய்யும். சம்பந்தியம்மா உப்புக் கையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஐஸ் பெட்டியை ஒரு உதை. முட்டி போட்டார், கையின் மேல் கை வைத்தார், ஆரம்பித்தார். விழுந்ததற்கும் அமுக்கத் தொடங்கியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "அரக் கூட ஏலங்கூட போயிருக்காது" என்றார்கள்.

ஆம்புலன்ஸ் அன்று ஊருக்குள் வரும் பாலத்துக்கு இந்தப் பக்கமே, பிள்ளை பெற்றவளை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது நல்ல காலம். அது வரும்வரை சம்பந்தியம்மா நிறுத்தவில்லை. இடையில் விலா எலும்பு முறிந்த சத்தத்தைச் சுற்றி நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டாராம். ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சில் கரண்ட் வைத்தார்கள், நாடி திரும்பியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தக் குழாய் அடைப்பை எடுத்தார்கள். எனக்குச் செய்தி வந்தபோது எங்கள் வயல் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதேன். ஸ்கூட்டியில் உட்கார்ந்து அடக்கிய அழுகை இல்லை இது.

டாக்டர் மட்டும் என்னை ஆடவிடவில்லை. "நாடி வந்தா பொழச்சதாகாது. ஆஸ்பத்திரிய விட்டு வரணும். வந்து ஆளை அடையாளம் தெரியணும். தன் வேலையத் தானே செய்யணும். இதயம் நின்ன நேரத்துல மூளைக்கு ரத்தம் போகலன்னா, உடம்பு வரும், அவங்க வரமாட்டாங்க. வீட்டுக்கு வந்து பழையபடி ஒரு சண்ட போடட்டும், அப்ப நான் நம்புறேன்" என்றார். அதனால் ஏலக்காரம்மா வீடு திரும்பிய செய்தி கேட்டும் நான் எதையும் குறிக்காமல் காத்திருந்தேன்.

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை. தன் விலா எலும்பை முறித்த சம்பந்தி மீது ஏலக்காரம்மா ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுத்துவிட்டார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். விழுந்ததே அவருக்கு நினைவில்லை. இப்படி விழுந்து எழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த நேரம் மனதிலிருந்து அழிந்துபோய்விடும். நண்டு விலை ஏறிக்கொண்டிருந்தது, அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரிக் கட்டில், மூச்சு விட்டால் விலாவில் ஊசி. எப்படி ஆயிற்று என்று கேட்டால், "உன் சம்மந்தி மேல ஏறிக் குந்திக்கினு குத்திட்டா" என்று பார்த்தவர்கள் பார்த்தபடியே சொல்லியிருக்கிறார்கள். மயக்கம் போட்டு விழுந்த தன்னை, இத்தனை நாள் தான் முகம் கொடுத்துப் பேசாத ஆத்திரத்தில், சம்பந்தி ஊர் பார்க்கக் குத்திவிட்டாள் என்பதுதான் பிராது. ஊர் முன்னால் சம்பந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும். செய்தியைக் கேட்டதும் நான் செய்த முதல் காரியம் டாக்டருக்குப் போன் போட்டதுதான். "சார், சண்ட போட்டுட்டாங்க!" அவர் கைதட்டிய சத்தம் போனில் கேட்டது.

சந்தோஷம் அன்று சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. அடுத்த குப்பத்துப் பயிற்சிக்குப் போனேன், தார்ப்பாய் விரித்தேன், பொம்மையை எடுத்துவைத்தேன். ஒரு பெண்ணும் கிட்டே வரவில்லை. "அமுக்குனா பிராது வருதாமே நர்சும்மா. எங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றாள் ஒருத்தி. விரித்த தார்ப்பாயை நான் மடித்தேன். பஞ்சாயத்தில் சம்பந்தியம்மா தலை குனிந்துவிட்டால், இனி இந்த ஏரியைச் சுற்றி எவர் விழுந்தாலும் எவரும் கை வைக்கப் போவதில்லை. எழுந்தவர்கள் பக்கத்தில் நான் காத்திருந்து கண்ட ஒரே பெயரோடு எல்லாம் முடிந்துவிடும்.

தொழிலுக்குப் போகாத நாளில், அம்மன் கோயிலுக்கு முன்னால் வலை உலர்த்தும் திடலில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் ஓரமாக நிற்பதுதான் வழக்கம். பிராது கொடுத்த பெண்ணுக்காக வீட்டு ஆண் பேச வேண்டும். ஏலக்காரம்மாவின் கணவர் சாது, மனைவி குரலைக் கேட்டே வாழ்க்கையை ஓட்டியவர். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்வார், பின்னாலிருந்து ஏலக்காரம்மா பத்து வார்த்தை சொல்வார், ஊர்த் தலைவர் பத்துக்கும் பதில் சொல்வார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "எலும்ப முறிக்கச் சொன்னதே நீதானாமே?" என்று தலைவர் ஆரம்பித்தார். முறிக்கச் சொல்லவில்லை, முறிந்தாலும் விடாதே என்றுதான் சொன்னேன் என்று ஏதோ உளறினேன்.

தலைவர் கையை ஆட்டினார். "அத்த வுடு. நீ இதுக்குனே கணக்கெடுக்கற ஆளு. அந்த அம்மா செத்தாங்களா, இல்லியா? செத்தாங்கன்னா சம்மந்தி செஞ்சது உதவி. சாவலன்னா அது அடி. சொல்லு."

"இதயம் நின்னுபோச்சுங்க. மூச்சு இல்ல. அப்படியே விட்டிருந்தா..."

"யார்றி பாத்தது?" ஏலக்காரம்மா கணவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "நான் செத்தன்னு உனக்கு எப்டித் தெரியும்? எனக்கே தெரியாது!"

"செத்தவளுக்குத் தெரியுமா?" என்று யாரோ சொல்ல, திடல் சிரித்தது.

ஏலக்காரம்மா சிரிக்கவில்லை. கையை விலாவில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் குரல் அன்று அவருக்கு வரவில்லை, பக்கத்தில் பேசுவது போலத்தான் பேசினார். "சரி, செத்தேன்னே வெச்சுக்குங்க. செத்தவ வாயால நாளிக்கு முதல் கூட கூவ வுடுவீங்களா? சொல்லுங்க. எவனாவது வுடுவீங்களா?"

முன்னால் இருந்தவர்கள் கோயில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு விலா எலும்பு பெரிதில்லை. சாவு பட்ட வாய் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அதிகாலையில் அவரை யார் முன்னால் நிறுத்துவார்கள்? வேறொருத்தி கூவுவாள், இவர் ஓரமாய் நிற்பார். அதற்குப் பயந்துதான், நான் சாகவே இல்லை, என்னை அடித்தார்கள் என்று பிராது. நான் உண்மையைச் சொன்னால் அவர் கூடை போகும். பொய் சொன்னால் இனி விழப்போகிற அத்தனை பேரும் போவார்கள். மகள் அம்மாவையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். "நைனா, நீயாவது ஏதாச்சும் சொல்லேன்" என்றாள் அப்பாவிடம். அவர் மணலைப் பார்த்தார்.

சம்பந்தியம்மாதான் முன்னால் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஏலக்காரம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மன்னிப்புதான வோணும்? கேட்டுக்கறேன் சம்மந்தி. ஊர் முன்னால கேட்டுக்கறேன். ஆனா நாளிக்கு நீ மறுபடியும் வுழுந்தா, மறுபடியும் இதத்தான் செய்வேன். இந்தப் பக்கத்து விலா இன்னும் முறியாமத்தான கீது?"

தலைவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஏலக்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விலா வலிக்கிறது, அடக்கினால் அதைவிட வலிக்கிறது. "அடிப்பாவி, சிரிக்க வெச்சே சாவடிக்கறாளே" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியம்மா பதறிப்போய்க் கை இரண்டையும் கோத்துக்கொண்டு முட்டி போட, "எட்டப் போ! எட்டப் போ! நல்லாத்தான் கீறேன்!" என்று அலறினார். அப்போது அந்தப் பழைய குரல் வந்தது, அக்கரைக்கே கேட்டிருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நர்சும்மா, இந்த மாதிரி அமுக்கினதுல எத்தினி பேரு பொழச்சுகீறாங்க உன் கணக்குல?"

"இதுவரைக்கும் ஒண்ணுதாங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை வீடு ஏறி இறங்கி, ஒன்று.

அப்போது அந்த சாது மனிதர், ஏலக்காரம்மாவின் கணவர், மணலிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஒண்ணுன்னு சொல்லாதம்மா" என்றார். "முதல் எண்ணிக்கை. லாபம்னு சொல்லு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அன்றைக்கு அவர் சொந்தமாகச் சொன்ன வார்த்தைகளும் அவ்வளவுதான். ஆனால் திடலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கரையில் எண்ணிப் பிழைக்கிறவர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யமன் வீட்டு வாசல்வரை போய் லாபமாகத் திரும்பி வந்த வாயைவிட முதல் கூடைக்கு வேறு நல்ல வாய் எது? தலைவர் தீர்ப்புச் சொன்னார். நாளை முதல் கூடை ஏலக்காரம்மாதான், மூச்சு வலித்தால் மெதுவாகக் கூவட்டும். விழுந்தவரை அமுக்கிக் காப்பாற்றுகிறவர் மேல் இந்த ஊரில் இனி பிராது எடுப்பதில்லை. விலா ஆறும்வரை சம்பந்தியம்மா தினமும் கடல் மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். "இந்த அம்மா வாய மூடிக்கினு துன்னணும். வாட, உப்பு, ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார். ஏலக்காரம்மாவுக்குத் தண்டனை என்றால் அதுதான்.

மறுநாள் விடியற்காலையில் நான் கரைக்குப் போயிருந்தேன். முதல் கூடைக்கு முன்னால் ஏலக்காரம்மா வந்து நின்றார். விலாவைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்தார். கூவிய குரல் கிசுகிசுப்புதான். வழக்கமாகக் காதை அடைத்துக்கொள்கிற கரை அன்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. என்ன விலை போயிற்று என்று எனக்கு நினைவில்லை. அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஏலம் முடிந்து தார்ப்பாய் விரித்தபோது, கால் இல்லாத மாப்பிள்ளைக்கு முன்னால் முதலில் முட்டி போட்டவர் தலைவர். இரண்டாவது ஏலக்காரம்மா. அவருக்கு அமுக்க வலு இல்லை, ஆனால் மற்றவர்கள் அமுக்குவதை எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டார். "லாபம், ரெண்டு, மூணு..." என்று அவர் எண்ண, சம்பந்தியம்மா அமுக்கினார்.

ஆய்வு போன வருடம் முடிந்துவிட்டது. அறிக்கை எழுதி, பொம்மையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எனக்கு இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, ரயிலில் போய் வருகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி இனி யாரும் எனக்குச் சம்பளம் தரப்போவதில்லை. ஏலக்காரம்மாவைக் கூப்பிடும் தேதி வந்ததையே நான் மறந்துவிட்டேன். சென்ற வாரம் ரயில் மீஞ்சூரில் நின்று நான் இறங்கும்போது போன் அடித்தது.

"இன்னா நர்சும்மா, இந்த வருசம் கேக்கமாட்டியா? செத்துட்டன்னே முடிவு கட்டிட்டியா?"

பிளாட்பாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். மனப்பாடம்தானே. "குறிப்பிட்ட நபர் தற்போது உயிருடன் உள்ளாரா?"

"நான் கீறது கெடக்கட்டும். இன்னொருத்தரக் கேளு" என்றார். ஐஸ் லாரி ஓட்டி வந்த வெளியூர்க்காரர் ஒருவர் போன மாதம் கரையில் இறங்கும்போதே சாய்ந்துவிட்டாராம். நாடி இல்லை. சம்பந்தியம்மா ஒரு முறை, ஏலக்காரம்மா ஒரு முறை என்று மாற்றி மாற்றி அமுக்கியிருக்கிறார்கள். யார் சரியாக அமுக்கவில்லை என்று நடுவில் சண்டை வேறு போட்டிருக்கிறார்கள், கையை மட்டும் நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ் வந்து கரண்ட் வைத்து, ஆஸ்பத்திரி போய், ஆள் இப்போது நடமாடுகிறாராம்.

பழைய பழக்கம், கேள்வி வரிசையாக வந்தது. "வீட்டுக்கு வந்துட்டாரா? ஆளை அடையாளம் தெரியுதா? பழையபடி பேசறாரா?"

"பேசறானாவா? இதோ, இன்னிக்கு எங்களப் பாக்கத்தான் வந்துகீறான். சம்மந்தி ஊட்டுக் கொழம்புல சோத்தப் பெசஞ்சு துன்னுக்கினே, நெஞ்சப் புடிச்சிக்கினு கேக்கறான், எந்தப் பொம்பள என் எலும்ப முறிச்சதுன்னு. ஊர்ல பஞ்சாயத்து இருக்காமே, பிராது குடுக்கணுமாம்."

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல், "இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டா?" என்று கேட்டது. ஏலக்காரம்மா போனை வாயருகே கொண்டுவந்தார் போல, மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன், நல்ல வேளை.

"எழுதிக்கோ நர்சும்மா," என்று கூவினார், "ரெண்டு!"